கிளீனர் சைடு

கலியபெருமாளின் லாரிக்கு வலது பக்கம் கதவு இருந்தது. இடது பக்கம் கயிறு இருந்தது.

இடது பக்கமும் கதவு என்று ஒன்று தொங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதன் பூட்டு துருவேறி, ஒரு மழைக்காலத்தில் துண்டு துண்டாக உதிர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு கதவின் கைப்பிடியில் ஒரு முடிச்சு, இருக்கையின் இரும்புக் காலில் ஒரு முடிச்சு என்று நைலான் கயிறுதான் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த இருக்கையில் உட்காருகிறவள் அவன் மனைவி தையல்நாயகி. செங்கல் ஏற்றப் போகும் லாரிக்கு கிளீனர் வேண்டும். ஆள் வைத்துக் கட்டுப்படியாகாததால் அவளே கிளீனர். பின்னால் வண்டி வருகிறதா என்று பார்ப்பது, சக்கரத்துக்குக் கல் வைப்பது, வளைவுகளில் கதவைத் தட்டி "போ போ" என்பது எல்லாம் அவள்தான்.

கயிற்றின் காலம் போன மாதத்தோடு முடிந்தது. லாரி ஓடத் தகுதியானது என்று ஆண்டுக்கொரு முறை சோதித்துக் கொடுக்கும் சான்றை எஃப்சி என்பார்கள். சோதிக்கிற அதிகாரியை லாரிக்காரர்கள் பிரேக் இன்ஸ்பெக்டர் என்பார்கள். அந்த பிரேக் இன்ஸ்பெக்டர் கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்துச் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

"ஏற்கெனவே வயசான வண்டி. இன்னும் ஒரு தடவ பாப்பேன். அப்பவும் கயிறு கட்டிட்டு வந்தீன்னா, இங்க வராத. நேரா ஒடைக்கிற எடத்துக்கு ஓட்டிட்டுப் போயிடு."

அந்த இன்னொரு தடவை இன்று. மதியத்துக்குள் எஃப்சி பார்க்கும் மைதானத்தில் வண்டி நிற்க வேண்டும்.

ஒரு மாதமாக லாரி அரியாங்குப்பத்தில் வீட்டெதிரே நின்றது. பிரேக்கைப் பிரித்துப்போட்டு வேலை செய்துகொண்டிருந்ததால் கலியபெருமாளால் எங்கும் நகர முடியவில்லை. பூட்டு வாங்கிவரும் பொறுப்பைப் பக்கத்து வீட்டு அல்போன்ஸிடம் கொடுத்திருந்தான். அல்போன்ஸ் ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வார்கள். எல்லோரும் அவரைப் பிரெஞ்சு வழக்கத்தில் 'முசே', அதாவது ஐயா, என்று கூப்பிட்டார்கள். விழுப்புரத்தில் கட்டிக்கொடுத்திருந்த மகள் சூசைமேரியைப் பார்க்கப் போனவரிடம், அங்கே பழைய லாரி சாமான் கடையில் 'கிளீனர் சைடு லாக்' ஒன்று வாங்கி வரச் சொன்னான் கலியபெருமாள். காட்டிக் கேட்கப் பழைய பூட்டு இல்லை. வண்டியின் பெயரையும் மாடலையும் சொல்லி அனுப்பினான்.

இன்று காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கியவர், சாக்குப் பையை லாரியின் மூக்கின்மேல் கவிழ்த்தார்.

"வுவாலா! இதோ பாரு, கிரீஸ்கூட போகல. புது லாக்கு மாதிரி இருக்குது பாரு."

கலியபெருமாள் அதை எடுத்து இடது கதவின் ஓரத்தில் வைத்துப் பார்த்தான். திருப்பி வைத்துப் பார்த்தான். பிறகு மெதுவாக மூக்கின்மேலேயே வைத்தான்.

"முசே, இது டிரைவர் சைடு லாக்கு."

"இன்னா ஒளர்ற? கிளீனர் சைடுன்னு கேட்டுதானே வாங்கியாந்தேன்."

"கடக்காரன் இன்னா கேட்டான்?"

"லெஃப்டா ரைட்டான்னான். ரைட்டுன்னேன்."

"கிளீனரு ரைட்லயா குந்துவான்?"

அல்போன்ஸ் கண்ணை மூடினார். இரண்டு கையாலும் இல்லாத ஒரு ஸ்டியரிங்கைப் பிடித்தார். பிறகு வலது கையை எடுத்துப் பக்கத்தில் காற்றைத் தட்டிக் காட்டினார்.

"நான் பட்டாளத்துல கமியோன் லாரி ஓட்டச்சொல்ல கூட வர்றவன் இங்கதாண்டா குந்துவான். இந்தப் பக்கம்தான்..."

சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. கை அப்படியே நின்றது. பிரான்சில் லாரிக்கு ஸ்டியரிங் இடது பக்கம். கூட வருகிறவன் வலது பக்கம். பாதி ஆயுசை அந்த இருக்கையில் கழித்தவருக்கு, ஊர் திரும்பிய பிறகு சைக்கிளைத் தவிர வேறெதையும் ஓட்டாதவருக்கு, கிளீனர் சைடு என்றால் வலதுதான்.

"நல்லா போச்சு," என்றாள் தையல்நாயகி. "முசே பிரான்சுக்கு லாக்கு வாங்கியாந்திருக்காரு. யோவ், லாரிய அங்கியே ஓட்டிட்டுப் போயி எஃப்சி வாங்கிட்டு வா."

யாரும் சிரிக்கவில்லை. அவளும்தான். அல்போன்ஸ் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, முகத்தைத் துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். விழுப்புரம் போய் மாற்றிவர இனி நேரமில்லை. லாரி உடைக்கப் போனால் கலியபெருமாள் எவனுடைய லாரிக்கோ டிரைவர். தையல்நாயகி எந்தக் கட்டடத்திலோ சித்தாள். அதற்காகவா இருந்த நிலத்தை விற்று இதை வாங்கினார்கள்?

அவன் பூட்டை மறுபடி கையில் எடுத்தான்.

இடது பூட்டும் வலது பூட்டும் இரண்டு கால் செருப்பு மாதிரி. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் போட முடியாது. ஆனால் ஒரு செருப்பைக் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். வலது செருப்பின் வடிவம் அப்படியே இடது காலுக்குப் பொருந்தும். வார் மட்டும் தரையைப் பார்த்து இருக்கும். செருப்புக்கு அது ஆகாது, ஏனென்றால் காலுக்குத் தரை என்று ஒன்று உண்டு. பூட்டுக்கு அப்படியில்லை.

அவன் பூட்டைத் தலைகீழாகப் பிடித்தான். கதவின் ஓரத்தில் வைத்தான். பல்சக்கரம் வெளியே பார்க்க வேண்டிய பக்கம் பார்த்தது. திருகாணி ஓட்டைகள் நான்கில் மூன்று ஒத்துப்போயின.

"தையலு, டிரில்ல எட்றி."

அவன் செய்ததைப் புரிந்துகொள்ள அந்தப் பூட்டின் வயிற்றுக்குள் கொஞ்சம் பார்க்க வேண்டும். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சைக்கிளின் பின்சக்கரத்தில் நடக்கிறதுதான். பெடலை முன்னால் மிதித்தால் சக்கரம் பிடித்துக்கொள்ளும், பின்னால் மிதித்தால் டிக்டிக்கென்று சும்மா சுற்றும். உள்ளே ஒரு பல்சக்கரமும், அதன் பல்லில் விழுகிற ஒரு நாக்கும் இருப்பதால் அது நடக்கிறது. கதவுப் பூட்டும் அப்படியே. கதவைச் சாத்தும்போது பூட்டின் சக்கரம், கதவு நிலையில் இருக்கும் பல் தகட்டின் மேல் உருண்டு ஏறும். நாக்கு அதை அந்தத் திசையில் உருள விடும். திரும்பி உருள விடாது. நல்ல பூட்டு 'டக், டக்' என்று இரண்டு முறை சொல்லும். முதல் 'டக்' கதவு அரைகுறையாகப் பிடித்தது, இரண்டாவது முழுதாகப் பிடித்தது. கைப்பிடியை இழுத்தால் ஒரு கம்பி போய் நாக்கைப் பல்லிலிருந்து விலக்கும். கதவு திறக்கும்.

கதவு நிலையிலிருந்த பல் தகட்டையும் அவன் அதற்கேற்பக் கவிழ்த்து மாட்டினான். தலைகீழாக மாட்டியதால் மேலே இருந்த நெம்புகோல் கீழே போய்விட்டது. கலியபெருமாள் கம்பியை அடுப்பில் காய்ச்சி, வளைத்து, கீழே கொண்டுபோய் மாட்டினான். இனி கைப்பிடியை மேலே தூக்கினால் கதவு திறக்காது. கீழே அழுத்த வேண்டும். அதனால் என்ன? அழுத்திக்கொள்ளலாம்.

கதவைச் சாத்தினான். டக், டக்.

அல்போன்ஸ் கைதட்டினார். தோளால் இடித்துப் பார்த்தார். கதவு அசையவில்லை.

"அந்தக் கயித்த அவுத்து எறிடி," என்றான் கலியபெருமாள்.

"இருந்துட்டுப் போவுது. அது இன்னா சோறா கேக்குது?"

கதவுப் பக்கத்து முடிச்சை மட்டும் அவிழ்த்து, இருக்கைக் காலில் கட்டியிருந்ததை அப்படியே சுருட்டிக் காலடியில் போட்டாள். அல்போன்ஸ் தானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்து, திரும்பிவர இருக்கட்டும் என்று தன் சைக்கிளைப் பின்னால் ஏற்றிவிட்டு நடுவில் வந்து உட்கார்ந்தார். தப்பு தன்னுடையது, முடியும்வரை கூட இருப்பேன் என்றார்.

ஆற்றுப் பாலம் வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பாலத்தின் கான்கிரீட் பலகைகள் சேருகிற இடங்களில் வண்டி தூக்கிப்போடும். அரியாங்குப்பத்துக்காரர்களுக்கு உடம்பே அறிந்த தூக்கல் அது. முதல் இணைப்பில் 'தடக்'. அடுத்ததில் 'தடக்'. அதற்கடுத்ததில் தடக்கென்ற சத்தத்தோடு காற்றும் உள்ளே வந்தது. கலியபெருமாள் திரும்பினான். கதவு முழுதாகத் திறந்து வெளியே நின்றது. இருக்கையில் தையல்நாயகி இல்லை.

அவன் பிரேக்கை மிதித்தான்.

அவள் படியில் இருந்தாள். ஒரு கால் படியில், ஒரு கால் காற்றில். இரண்டு கையும் அந்தக் கயிற்றைப் பிடித்திருந்தன. அல்போன்ஸ் அவள் முந்தானையைக் கொத்தாகப் பிடித்திருந்தார். கீழே தார்ரோடு. பின்னால் வந்த பஸ் ஹார்ன் அடித்தபடி விலகிப் போனது.

அவளை உள்ளே இழுத்துப் போட்டு, பாலத்தைத் தாண்டி ஓரங்கட்டினார்கள். கலியபெருமாள் இறங்கினான். முன்சக்கரத்தில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"முடிஞ்சுது," என்றான். "போவட்டும். ஒடைக்கிறவன்கிட்டயே உட்டுடலாம். ஒன்ன கொன்னுட்டு நான் எந்த வண்டிய ஓட்றது?"

தையல்நாயகிக்கு உள்ளங்கை இரண்டும் உரிந்திருந்தன. அவற்றை ஊதிக்கொண்டே சொன்னாள்:

"நான்தான் சாவலையே. எழுந்து இன்னா ஆச்சுன்னு பாரு."

"பாக்குறதுக்கு ஒண்ணும் இல்லடி. கம்பி போட்டுக் கட்டி மைதானத்துக்கு எடுத்துட்டுப் போலாம், அவ்ளோதான்."

"கட்டிட்டா இன்ஸ்பெக்டரு எப்பிடி ஏறிப் பாப்பாரு? ஜன்னல் வழியாவா? எழுந்திரி சொல்றேன்."

அவன் எழுந்தான். நம்பிக்கை வந்து எழவில்லை. உரிந்த கையோடு அவள் நிற்கும்போது தான் உட்கார்ந்திருக்க முடியாமல் எழுந்தான். கதவின் உள்பலகையைக் கழற்றினான். கதவை அவளைச் சாத்தச் சொல்லி, உள்ளே தலையை விட்டுப் பார்த்தான். டக், டக். நாக்கு போய்ப் பல்லில் உட்கார்ந்தது. கதவை வெளியிலிருந்து குத்தினான். நாக்கு நடுங்கியது. இன்னும் பலமாகக் குத்தினான். நாக்கு கீழே விழுந்தது. கதவு திறந்தது.

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. நேராக இருக்கும் பூட்டில் நாக்கு சக்கரத்துக்கு மேலே இருக்கும். அதன் சொந்தக் கனமே அதைப் பல்லுக்குள் அழுத்திவைக்கும். கூட ஒரு சின்ன ஸ்பிரிங். ஸ்பிரிங் கிழடானாலும் கனம் காப்பாற்றும். இவன் தலைகீழாக்கியதில் நாக்கு சக்கரத்துக்குக் கீழே போய்விட்டது. இப்போது அதன் கனம் அதைப் பல்லிலிருந்து கீழே இழுக்கிறது. மேலே பிடித்து வைத்திருப்பது அந்தக் கிழட்டு ஸ்பிரிங் மட்டும். நிற்கும்போது தாங்கியது. தூக்கிப்போட்டபோது தாங்கவில்லை.

"ஸ்பிரிங்கு," என்றான். "நல்ல பலமா ஒரு ஸ்பிரிங்கு. ரெண்டு பக்கமும் கொக்கி வச்சது. இந்த ரோட்டுல அத எங்க போயித் தேடுறது?"

ரோட்டைப் பார்த்தான். டீக்கடை ஒன்று. மீன்கூடை ஒன்று. வெயில் ஏறிவிட்டிருந்தது. மைதானத்தில் வரிசை இந்நேரம் பாதி கரைந்திருக்கும்.

அல்போன்ஸ் லாரியின் பின்பக்கம் ஏறினார். சைக்கிளை இறக்கினார். ஸ்டாண்டைக் காலால் உதைத்துத் தள்ளினார். படக்கென்று அது மேலே ஏறி ஒட்டிக்கொண்டது. இன்னொரு முறை தள்ளினார். படக்.

"இது ஆவுமா பாரு."

சைக்கிள் ஸ்டாண்டை மேலே இழுத்துப் பிடித்திருக்கும் ஸ்பிரிங். தடித்தது. இரண்டு பக்கமும் கொக்கி.

கலியபெருமாள் ஸ்பிரிங்கை விரலால் இழுத்துப் பார்த்தான். ஸ்பேனரை எடுத்தான்.

நாக்கின் வாலில் ஒரு ஓட்டை இருந்தது. ஸ்பிரிங்கின் ஒரு கொக்கியை அதில் மாட்டினான். மறு கொக்கியை மாட்டக் கதவுச் சட்டத்தில் உள்பலகைக்கான ஓட்டைகள் மேலிருந்து கீழ்வரை வரிசையாக இருந்தன. உயரமான ஓட்டையில் போல்ட்டைப் போட்டு இழுத்து மாட்டினான். நாக்கு பல்லைக் கவ்வியது. ஆனால் கைப்பிடியை முழுப் பலத்தோடு அழுத்தியும் கதவு திறக்கவில்லை. இழுப்பு அதிகம். கதவு திறந்துகொள்ளாமல் இருந்தால் போதாது, வேண்டும்போது திறக்கவும் வேண்டும். ஒரு ஓட்டை இறக்கினான். அப்போதும் கடினம்தான். இன்னொன்று இறக்கினான். தையல்நாயகி உரிந்த கையால் அழுத்திப் பார்த்தாள். முகம் சுளித்தது, கதவு திறந்தது.

அவன் கதவைக் குத்தினான். அல்போன்ஸ் குத்தினார். இரண்டு பேரும் சேர்ந்து குத்தினார்கள். டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "யோவ், அந்த வண்டி உங்களுக்கு இன்னாய்யா பாவம் பண்ணுது?" என்றார்.

"நீ நடுவுல குந்து," என்றான் கலியபெருமாள் மனைவியிடம்.

அவள் கேட்காத மாதிரி ஏறிக் கதவோரம் உட்கார்ந்தாள். கயிற்றை மட்டும் எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டாள். மைதானம் வரை ஒவ்வொரு பள்ளத்திலும் அவன் ரோட்டைப் பார்க்கவில்லை, அவள் மணிக்கட்டைப் பார்த்தான். கதவு திறக்கவில்லை. ஆனால் பாலத்திலும் முதல் இரண்டு இணைப்பில் திறக்கவில்லைதானே.

வரிசையில் கடைசி வண்டி அவனுடையது. சோதிக்கும்போது வண்டியில் எதுவும் இருக்கக்கூடாது என்று அல்போன்ஸ் சைக்கிளை இறக்கினார். ஸ்பிரிங் இல்லாத ஸ்டாண்டு தரையில் இழுபட்டது. மைதானத்தில் சாய்த்துவைக்கச் சுவரில்லை. பிடித்துக்கொண்டே வெயிலில் நின்றார். பக்கத்தில் தையல்நாயகி நின்றாள்.

பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். விளக்கு, ஹார்ன், டயர் எல்லாம் பார்த்தார். கலியபெருமாள் ஓடிப்போய் வெளியிலிருந்து இடது கதவைத் தானே திறந்துவிட்டான். அவர் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

"கயிறு போச்சா? நல்லது. ஓட்டு. நான் சொல்லும்போது பிரேக்க அடி."

மைதானத்தின் நடுவே மழைத்தண்ணீர் அரித்த வாய்க்கால் ஒன்று ஓடியது. வண்டி அதை நோக்கிப் போனது. இன்ஸ்பெக்டர் முழங்கையைக் கதவின்மேல் வைத்து, உடம்பைச் சாய்த்து, வெளியே முன்சக்கரத்தைப் பார்த்தார். தையல்நாயகி காலையில் உட்கார்ந்திருந்த அதே சாய்வு.

சொன்னால் சந்தேகப்படுவார். சந்தேகப்பட்டால் வண்டி போச்சு. சொல்லாமல் இருந்து கதவு திறந்தால்... படியில் காற்றில் ஆடிய அந்த ஒரு கால் கலியபெருமாளின் கண்முன் வந்தது.

"சார், கதவுல சாயாதீங்க சார்."

"ஏன், நிக்காதா?"

"நிக்கும் சார்."

"நிக்கும்னா சாய்ஞ்சா இன்னா?"

அவர் இன்னும் நன்றாகச் சாய்ந்தார். வாய்க்கால் வந்தது. முன்சக்கரம் விழுந்து எழுந்தது. பின்சக்கரம் விழுந்தது.

"அடி!"

அவன் அடித்தான். வண்டி முக்கி, இழுத்து, நின்றது. புழுதி முன்னால் போனது. கலியபெருமாள் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தான். பக்கத்தில் திரும்பிப் பார்க்கவே அவனுக்குத் தைரியம் இல்லை.

"இன்னாய்யா," என்றது பக்கத்திலிருந்து குரல். "உள்ள வச்சுப் பூட்டிட்டியா என்ன?"

இன்ஸ்பெக்டர் கைப்பிடியைத் தூக்கிக்கொண்டிருந்தார். கதவு திறக்கவில்லை.

"கீழ சார். கீழ அழுத்துங்க."

அழுத்தினார். திறந்தது. சாத்தினார். டக், டக். தூக்கினார். அழுத்தினார். பிறகு இறங்கிப்போய், "உள்பலகையக் கழட்டு" என்றார்.

கழற்றினான். அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"ரைட்டு லாக்க லெஃப்ட்ல கவுத்துப் போட்டிருக்க. அப்ப நாக்கு கீழதானே தொங்கும்? தூக்கிப்போட்டா..." விரலால் ஸ்பிரிங்கைத் தட்டினார். அது ணங்கென்றது. "ஓகோ. இது எங்க புடிச்ச?"

கலியபெருமாள் அல்போன்ஸ் நின்ற பக்கம் திரும்பினான். கையைக் காட்டினான்.

இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்தார். வெயிலில் ஒரு கிழவர் சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தார். அதிகாரி தன்னைப் பார்ப்பதைக் கண்டதும் அல்போன்ஸ் பழைய பழக்கத்தில் நிமிர்ந்து சல்யூட் வைத்தார். ஒரு கை போனதும் சைக்கிள் சாய்ந்தது. சல்யூட்டை விட்டுவிட்டுப் பாய்ந்து பிடித்தார்.

"ஏறுறவன் எவனா இருந்தாலும் கைப்பிடிய மேலதான் தூக்குவான்," என்றார் இன்ஸ்பெக்டர். "ஒரு அவசரம்னா இறங்கத் தெரியாம உள்ளியே மாட்டிக்குவான். பெயின்ட்டால எழுதி வையி. நான் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். அடுத்த வருஷம் சரியான லாக்கோட வா. இதே லாக்கோட வந்தா பாக்கக்கூட மாட்டேன்."

பக்கத்து வண்டிக்காரனிடம் சிவப்புப் பெயின்ட் வாங்கி, 'கீழே அழுத்தவும்' என்று தையல்நாயகிதான் எழுதினாள். கலியபெருமாள் உள்பலகையைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தான். அவளுக்கு உள்ளங்கை எரிந்ததால் எழுத்து கோணலாக வந்தது. அவர் படித்துப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

திரும்பக் கிளம்பும்போது அல்போன்ஸ் சைக்கிளை லாரியில் ஏற்றிவிட்டு, அதை எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் பின்னாடியே நின்னுட்டு வர்றேன்," என்றார். "உட்டா உழுந்துடும்."

தையல்நாயகி முன்னால் போனாள். இருக்கைக் காலில் இறுகிப்போயிருந்த முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். கயிற்றைக் கொண்டுவந்து சைக்கிளை லாரியின் பக்கச் சட்டத்தோடு சேர்த்து இறுக்கிக் கட்டினாள்.

"அது சரி, பாலத்துல நீ எதப் புடிச்சுக்குவ?" என்றார் அல்போன்ஸ்.

அவள் முன்னால் போய் ஏறினாள். கதவோரம் உட்கார்ந்தாள். பிடித்து இழுத்துச் சாத்தினாள்.

டக்.

கலியபெருமாள் சாவியில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

டக்.